பெர்சிவல் பாதிரியார்

சேலத்தினின்று ஏற்காடு செல்லும் சாலை சேர்வராயன் மலையின் காலடியை எய்தும் இடத்தை மக்கள் அடிவாரம் என்றே வழங்குகின்றனர். அங்கே நின்று நிமிர்ந்து நோக்குவோர்க்கு மலையேயன்றிப் பிறிதொன்றும் தோன்றாது. இக்காலத்தில் அவ்விடத்தினின்று பேருந்து ஏறுவோர், இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து விரைவில் ஏற்காட்டை அடைந்து விடுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வாறன்று. மோட்டார் வண்டி என்னும் பெயரே செவிப்படாத காலம் அது. மலை ஏற விரும்பியோர் நடந்து சென்றனர். வசதி உடையோர் குதிரையிலோ, ஆள்கள் சுமக்கும் டோலியிலோ சென்றனர். சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் 1820ஆம் ஆண்டையடுத்து அம்மலையிற் காப்பிச் செடியைப் பயிராக்கத் தொடங்கிய பின்னர், ஆங்கிலேயர் பலர் அங்குத் தோட்டங்கள் அமைத்தனர். கீழ்நாட்டு வெப்பத்திற்கு அஞ்சியோரும், பணியினின்று ஓய்வு பெற்றோரும் நாளடைவில் அங்கே குடியேறினர்.

அவ்வாறு அம்மலைமேல் தம் இறுதி நாள்களைக் கழித்து, 1882ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உயிர்நீத்த முதியவர் ஒருவரின் வரலாற்றையே ஈண்டு நாம் காணப்போகின்றோம். அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொடக்க நாள்களில் அதன் பதிவாளராய் விளங்கியவர். மாநிலக் கல்லூரியில் வடமொழி, தாய்மொழி இலக்கியங்களுக்குப் பேராசிரியராய் அமர்ந்தவர். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சேற்றியவர். பீட்டர் பெர்சிவல் என்பது அவர் பெயர்.

மேனாட்டினின்று போந்து தமிழுக்குத் தொண்டு செய்தோர் என்றவுடன் வீரமாமுனிவரும், கால்டுவெலாரும், போப்பையருமே நம் நினைவுக்கு வருகின்றனர். பெர்சிவலின் பெயரை யாழ்ப்பாணத்தார் அறிந்த அளவுக்குத் தமிழகத்தார் அறியார். முனிவர்க்குத் தேம்பாவணியும், கால்டுவெலார்க்கு ஒப்பிலக்கணமும், போப்பையர்க்குத் திருக்குறள் மொழிபெயர்ப்பும் அழியாச் சின்னங்களாய் நிற்கின்றன. பெர்சிவலுக்கோ அத்தகைய தனிப்பெருநூல் ஒன்றில்லை. அவர் ஆற்றிய பணியிற் பெரும்பகுதி பிறரோடு கூடி ஆற்றிய பணியாகும். அவரோடு கூடி உழைத்தோர் இருவர் அவரினும் பெரும்புகழ் எய்தினர். அவர்களுள் ஒருவர், அவர் பரப்ப வந்த சமயத்தையே எதிர்த்து நின்று புகழ்பெற்றார் என்பது வியப்புக்குரிய செய்தி.

பெர்சிவல் 1803ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். கிறித்தவ சமயத்தின் ஒரு பிரிவாகிய வெசிலியன் மிஷனைச் சார்ந்த பாதிரியாராகி, 1826ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். அப்பொழுது அவர்க்கு அகவை இருபத்து மூன்று. அக்காலத்து யாழ்ப்பாணம் கல்விக்குப் பெயர்பெற்ற ஊராக வளர்ந்து கொண்டிருந்தது. அமெரிக்க மிஷனார் வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டில் நிறுவிய செமினரியில், ஆங்கிலமும் கணிதமும் வானநூலும் தமிழோடு சேர்த்துக் கற்பிக்கப்பெற்றன. திண்ணைப்பள்ளிகளிலோ நிகண்டும் நன்னூலும் பழைய முறையில் ஓதப்பெற்றன. பாதிரிமார் ஒருபுறமும், சைவப் புலவர்கள் மறுபுறமும் தமிழைத் தத்தம் வழியிற் போற்றினர். இருதிறத்தார்க்கும் இடையே இருந்த போட்டி தமிழுக்கு ஊறு செய்யவில்லை என்றே சொல்லவேண்டும்.

இடையிற் சில ஆண்டுகள் வங்காளத்திற் பணிபுரிந்துவிட்டுப் பெர்சிவல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1816ஆம் ஆண்டில் வெசிலியன் மிஷனார் அங்குத் தொடங்கியிருந்த ஆங்கிலப் பள்ளியை அவர் 1834ஆம் ஆண்டில் திருத்தி அமைத்தார். அதுவே யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என்று பின்னாளிற் பெயர்பெற்றது. பெண்கள் பள்ளிக்குச் செல்லும் வழக்கம் அருகியிருந்த அந்நாளில் வேம்படியிற் பெண்களுக்கென ஒரு பள்ளி தோன்றியதும், பருத்தித்துறையில் ஒரு பள்ளி வேரூன்றியதும் அவர் காலத்துச் செயல்களே. பருத்தித்துறைப் பள்ளியே பிற்காலத்தில் ஹாட்லிக் கல்லூரி ஆயிற்று. இம்மூன்று பள்ளிகளும் இன்றும் நிலவுகின்றன.

பிற பாதிரிமார் பலரும் தமிழ் கற்றனர். ஆயினும் சமய உரை நிகழ்த்துதற்கு வேண்டும் அளவோடு பெரும்பாலோர் அமைந்தனர். பெர்சிவல் அவ்வாறு அமையவில்லை. ஏட்டிலுள்ள தமிழை ஆசிரியர்பாற் பயின்றதோடு, மக்கள் நாவில் வழங்கும் தமிழையும் அவர் தேடினார். உழவரும், வணிகரும், வீட்டுப் பெண்டிரும் பேச்சின் இடையிடையே எடுத்தாளும் பழமொழிகள் அவர் கருத்தைக் கவர்ந்தன. ஒரு மக்கட் கூட்டத்தாரின் வாழ்வையும் எண்ணத்தையும் அறிய வேண்டுமாயின் அவர்தம் பழமொழிகளை அறிதல் வேண்டும் என்பது அவர் கொண்ட கொள்கை. அப்பழமொழிகளைத் தொகுத்து, ஒவ்வொன்றற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும் எழுதி, 1842ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் நூலாக வெளியிட்டார். கற்றோர் அந்நாளில் இத்தொகுப்பைப் பெரிதாக எண்ணியிரார். பழமொழி என்பது கல்லாதார் வாய்ச்சொல். அதனை அச்சிடுதற்குத் தாளையும் மையையும் செலவிடுதல் வேண்டுமோ என்று எண்ணும் மனப்பான்மை நம் புலவரிடையே நெடுங்காலம் இருந்தது.

இனி, அவர் வாழ்வின் நடுப்பகுதிக்கு வருவோம். கிறித்தவர்களின் மறைநூலாகிய விவிலியத்தைத் தமிழிற் பெயர்க்கும் முயற்சி தரங்கம்பாடியிற் சீகன்பால்கு ஐயர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டளவில் அச்சாயிற்று. அதன் பின்னர் பப்ரீசியுஸ் என்பாரும், இரேனியுஸ் என்பாரும் அத்துறையில் உழைத்தனர். எனினும் அம்மொழிபெயர்ப்புக்களின் நடை கற்றோர்க்கு நிறைவளிக்கவில்லை. பொருள் விளங்கினும் தமிழின் ஓட்டம் அவற்றில் இல்லையென்று அன்னோர் குறை கூறினர். தமிழ்ப்புலமை நிறைந்த ஒருவரின் துணையின்றி இப்பணி முற்றுப்பெறாது என்பதைப் பெர்சிவல் நன்குணர்ந்தார்.

அத்தகைய ஒருவர் அவர் பள்ளியிலேயே இருந்தார். நல்லூரில் 1822ஆம் ஆண்டில் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையார்க்கும் மகனாய்த் தோன்றிய ஆறுமுகம் பிள்ளை, இளமையிலேயே தமிழும் வடமொழியும் கற்று, ஆங்கிலம் பயிலும் பொருட்டுப் பெர்சிவலின் பள்ளியிற் சேர்ந்தவர். இருபது அகவை அளவிலேயே அப்பள்ளியில் ஆசிரியரானார். மேல்வகுப்புகட்குத் தமிழும், கீழ்வகுப்புகட்கு ஆங்கிலமும் கற்பித்தார். இவரே பிற்காலத்தில் ஆறுமுக நாவலர் என உலகம் போற்ற விளங்கியவர். பெர்சிவல் அவரைத் தம் தமிழாசிரியராகவும், மொழிபெயர்ப்புத் துணைவராகவும் கொண்டார்.

ஆசிரியர் மாணாக்கரிடத்துப் பாடம் கேட்டார். மாணாக்கர் ஆசிரியர்க்குத் திருத்தம் கூறினார். இந்நிலை எளிதில் வாய்ப்பதன்று. ஒருவர் கிறித்தவ குரு. மற்றவர் நீறணிந்த சைவர். பாதிரியார் ஆங்கில விவிலியத்தின் கருத்தை விளக்க, ஆறுமுகம் பிள்ளை அதற்கேற்ற தமிழ் வாக்கியத்தை வகுத்துரைத்தார். இப்பணி பல ஆண்டுகள் நடைபெற்றது. அவர்கள் எதிர்நோக்கிய இடர்ப்பாடுகள் எத்தகையன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். இறைவனைக் குறித்தற்கு எச்சொல்லை ஆள்வது? கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றனர். பப்ரீசியுஸ் பராபரன் என்றார். பின்வந்தோர் தேவன் என்னும் சொல்லை விரும்பினர். கடவுள் என்னும் தூய தமிழ்ச்சொல்லும் இருந்தது. இச்சொற்கள் ஒவ்வொன்றிலும் தொன்றுதொட்டு நம் நாட்டுச் சமயங்களின் மணம் ஏறியுள்ளது. ஒன்றைக் கொண்டால் ஒரு சாரார்க்கு உவப்பு. மற்றொரு சாரார்க்கு வெறுப்பு. இவ்வாறே பலி, பாவம், அருள், மீட்பு முதலிய ஒவ்வொரு கருத்துக்கும் சொல்லைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. மொழிபெயர்ப்பு என்பது அகராதியை விரித்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் வைப்பதன்று என்பது இதனாற் புலனாகும்.

இப்பணியின் நடுவே ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. 1847ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் இறுதி நாளில், ஆறுமுகம் பிள்ளை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதன்முதலாகச் சைவச் சொற்பொழிவு நிகழ்த்தினார். தொடர்ந்து கிழமைதோறும் அச்சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. சைவ மக்கள் தம் சமயத்தைத் தாமே அறியாதிருத்தலால் மதம் மாறுகின்றனர் என்பது அவர் கருத்து. பகலிற் கிறித்தவ மறைநூலைத் தமிழாக்குதற்குத் துணைபுரிந்த அதே நாவே, மாலையிற் கோயிலிற் கூடிய மக்களுக்குச் சிவநெறியை விளக்கிற்று. பெர்சிவல் இதனை அறியாதவர் அல்லர். அறிந்தும் அவரைப் பணியினின்று நீக்கவில்லை. பிற பாதிரிமார் முணுமுணுத்திருத்தல் கூடும். தாம் தொடங்கிய நூல் நிறைவேற வேண்டும் என்னும் தன்னலமும் பெர்சிவலுக்கு இருந்தது என்று கூறுவோர் கூறலாம். அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும், தன் பிழைப்பைத் தரும் மிஷனின் நலத்துக்கு மாறாகப் பேசும் ஒருவரை, புலமைக்காகவே பொறுத்துக்கொள்ளும் உள்ளம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

மொழிபெயர்ப்பு முடிவுறும் நிலையில் இருவரும் சென்னைக்குச் சென்றனர் என்பர். அங்கிருந்த மிஷனார் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பை எளிதில் ஏற்றுக்கொள்ள விரும்பவில்லை. அதன் தமிழ் நடையை ஆராய்ந்து கூறுமாறு மழவை மகாலிங்கையர் என்னும் பெரும்புலவரை அவர்கள் வேண்டினர் என்றும், அவர் அதனைப் படித்துப் பார்த்து அந்நடை பிழையற்றது என்று முடிவு கூறினார் என்றும் யாழ்ப்பாணத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. விவிலியத்தின் தமிழைச் சீர்செய்தவர் ஒரு சைவர். அதனை மதிப்பிட்டவர் ஓர் அந்தணப் புலவர். தமிழ் என்னும் பொதுநிலத்தில் அவர்கள் மூவரும் கூடி நின்றனர்.

1848ஆம் ஆண்டில் ஆறுமுகம் பிள்ளை வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வாண்டிலேயே பெர்சிவலின் பள்ளியினின்றும் விலகினார். சம்பளத்தை உயர்த்தித் தருவதாகப் பாதிரியார் கூறி, விலக வேண்டாமென்று வருந்திக் கேட்டுக்கொண்டார் என்றும், பிள்ளையவர்கள் அதற்கு இசையவில்லை என்றும் நாவலர் வரலாறு எழுதினோர் கூறுவர். பணம் வேண்டாமென்று சென்றவர் திருமணமும் செய்துகொள்ளாமல் சைவத்திற்கும் தமிழுக்குமே தம் வாழ்நாளை ஒப்படைத்தார். அடுத்த ஆண்டில் அச்சுப்பொறி வாங்கும் பொருட்டுத் தமிழகம் வந்தபொழுது, திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர்க்கு நாவலர் என்னும் பட்டம் அளித்தனர்.

இருவரும் பிரிந்தனர், பிரிந்த பின்னர் எதிர்நின்றனர். நாவலர் 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் என்னும் நூல், பாதிரிமார் சைவத்தின்மேற் கூறிய குற்றங்களுக்கு விடையாக எழுந்தது. அந்நூலில் அவர் விவிலியத்தினின்றே சான்றுகள் காட்டி வாதிட்டார். பல்லாண்டு வரிவரியாக அதனைத் தமிழாக்கியவர்க்கு எவ்விடத்தில் எது உள்ளது என்று தேட வேண்டியதில்லையன்றோ! வகுப்புமுறைப் பள்ளி, சிறுவர்க்கேற்ற பாலபாடம், தெளிந்த உரைநடை, நிறுத்தற்குறி, அச்சுக்கூடம் ஆகிய எல்லாம் பாதிரிமார் கையாண்ட கருவிகள். அவற்றையெல்லாம் நாவலர் அவர்பாற் கண்டறிந்து, தம் சமயத்தைக் காக்கும் படைகளாக மாற்றிக்கொண்டார். பெர்சிவல் தம் சமயத்துக்கு வலிமை தேட முற்பட்டார். அவர் அறியாமலே சைவத்துக்கு வலிமை சேர்ந்தது. இவ்விருவருள் யார் வென்றார் என்று தீர்ப்புக் கூறுதல் நம் வேலையன்று. தமிழ் உரைநடை வென்றது என்பதை மட்டும் இருசாராரும் ஒப்புவர்.

விவிலிய மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டில் அச்சாகி வெளிவந்தது. அதனைத் தேர்வுப் பதிப்பு என்று கருதினரேயன்றி முடிந்த பதிப்பாகக் கொள்ளவில்லை. தமிழகத்துச் சபையார் தாம் பழகிய பப்ரீசியுஸின் நூலை விட்டுவிட மனங்கொள்ளவில்லை. வழிபாட்டிற் பல்லாண்டு காதிற் கேட்ட சொற்களை மாற்றுதல் அருமை. இறுதியில் பவர் ஐயரின் தலைமையிற் குழு ஒன்று கூடிச் செய்த வேறொரு திருத்தப் பதிப்பே 1871ஆம் ஆண்டில் வெளிவந்து நிலைபெற்றது. யாழ்ப்பாணத்தில் இருவர் பல்லாண்டு பாடுபட்ட நூல் வழக்கு வீழ்ந்தது. பெர்சிவலின் வாழ்வில் மிகப்பெரிய முயற்சி இதுவே. அவர்க்கு மிகப்பெரிய ஏமாற்றமும் இதுவாகவே இருந்திருக்கும்.

இந்நூல் வெளிவந்தபின் அவர் தாய்நாடு திரும்பினார். அங்கு வெசிலியன் மிஷனை விட்டு நீங்கி, ஆங்கிலத் திருச்சபையிற் சேர்ந்தார். காண்டர்பரி நகரில் இருந்த சமயக் கல்லூரியில் இந்தியாவைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். அவற்றைத் திரட்டி, வேதத்தின் நாடு என்னும் பொருள்படும் பெயருடன் ஆங்கிலத்தில் ஒரு நூலாக 1854ஆம் ஆண்டில் வெளியிட்டார். இந்திய நாட்டின் நிலவியல்பு, சமயம், மொழி, மக்கள் ஒழுகலாறு முதலியவற்றை மேனாட்டார்க்கு அறிவுறுத்துவது அந்நூல். பின்னர், ஆங்கிலத் திருச்சபையின் மிஷன் வாயிலாகத் தென்னாட்டிற்கு வந்தார். எனினும் அத்தொடர்பும் நெடுநாள் நீடிக்கவில்லை. மிஷனினின்றும் விலகிச் சென்னையில் கல்விப் பணியையே மேற்கொண்டார். ஐம்பது அகவை கடந்தபின் புதுத்தொழில் தொடங்குவோர் சிலரே.

சென்னையில் அவர் செய்த முதற்செயல்களுள் ஒன்று தினவர்த்தமானி என்னும் தமிழ்ச் செய்தித்தாளை 1855ஆம் ஆண்டில் தொடங்கியதாகும். பெயரால் அது நாள்தோறும் வருவது போலத் தோன்றினும், கிழமைக்கு ஒருமுறையே வெளிவந்தது. அதனை நடத்துதற்குத் தகுதியுடைய இளைஞர் ஒருவரை அவர் யாழ்ப்பாணத்தினின்று வரவழைத்தார். தாம் முன்பு வாழ்ந்த ஊரின் கல்வித் திறத்தை அவர் மறக்கவில்லை. சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டில் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்று, கோப்பாயில் ஆசிரியராயிருந்த தாமோதரம் பிள்ளையே அவ்விளைஞர். நீதிநெறிவிளக்கத்தை அச்சிட்டு அவர் அப்பொழுதே பெயர் பெற்றிருந்தார். தாமோதரம் பிள்ளை சென்னை வந்து தினவர்த்தமானியின் ஆசிரியரானார். ஆங்கில அதிகாரிகள் சிலர்க்குத் தமிழும் கற்பித்தார். மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியராகவும் அமர்ந்தார்.

அவ்வாண்டுகளில் நாட்டின் கல்வி முறையிற் பெருமாறுதல் ஒன்று நிகழ்ந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1857ஆம் ஆண்டில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பெற்றன. அக்காலத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தை இக்காலத்துப் பல்கலைக்கழகம் போல எண்ணிவிடலாகாது. அதற்கு வகுப்பறை இல்லை, ஆராய்ச்சித் துறை இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி, பாடத்திட்டம் வகுத்தலும், தேர்வு நடத்துதலும், பட்டம் வழங்கலுமே அதன் தொழில்களாயிருந்தன. கற்பித்தல் கல்லூரிகளின் கடமை. தேர்வையே உயிராகக் கொண்ட ஒரு நிறுவனத்திற் பதிவாளர் பதவி எத்துணைப் பொறுப்புடையது என்பதை எளிதில் உய்த்துணரலாம். அப்பதவியையும், மாநிலக் கல்லூரியிற் பேராசிரியர் பதவியையும் பெர்சிவல் வகித்தார்.

தொடக்கத்திலேயே அப்பல்கலைக்கழகத் தேர்வுகளில் ஆங்கிலத்தோடு பிறிதொரு மொழியும் பாடமாக வைக்கப்பெற்றது. கிரேக்கம், இலத்தீன், வடமொழி என்பவற்றோடு தமிழ், தெலுங்கு முதலிய நாட்டுமொழிகளும் அதற்குத் தகுதி பெற்றன. முதற் பி.ஏ. தேர்வில் தேறியோர் இருவரே. இருவரும் யாழ்ப்பாணத்தார். ஒருவர் தாமோதரம் பிள்ளை. மற்றவர் அவர்க்கு ஆசிரியராயிருந்த விசுவநாத பிள்ளை. ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே தேர்வில் ஒருங்கே அமர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆயினர். ஆயிரமாயிரமாகப் பட்டம் பெறும் இக்காலத்தார்க்கு இச்செய்தி கதை போலத் தோன்றும்.

பேராசிரியர் பணிக்கிடையே பெர்சிவல் அகராதிகளையும் இயற்றினார். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ப்பொருள் கூறும் அகராதியும், தெலுங்கு அகராதியும் 1860ஆம் ஆண்டையடுத்து வெளிவந்தன. அவை பெரும்புலவர்க்கென எழுதப்பட்டவை அல்ல. புதிதாகத் தொடங்கிய பள்ளிகளின் மாணவரையும், நாட்டுமொழி கற்க வேண்டிய ஆங்கிலேயரையும் கருதி எழுதப்பட்டவை. 1862ஆம் ஆண்டில் வெளிவந்த வின்சுலோவின் பேரகராதிக்கு அவை ஈடாகா. ஆனாற் கையிற் கொண்டு செல்லத்தக்க சிறு அகராதி ஒன்றின் அருமையைப் பள்ளி மாணவரே அறிவர்.

யாழ்ப்பாணத்திற் தொடங்கிய பழமொழித் தொகுப்பை மட்டும் அவர் என்றும் கைவிடவில்லை. நாடு மாறினார், மிஷன் மாறினார், தொழில் மாறினார். முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பழமொழிகளைத் திரட்டுவதை மட்டும் அவர் மாற்றவில்லை. அதன் பயனாக 1874ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பு வெளிவந்தபொழுது, அதில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் இடம்பெற்றன. முதற்பதிப்பினும் பன்மடங்கு விரிந்த நூல் அது. தமிழ்ப் பழமொழியை எழுத்தில் தருதலோடு, ஒவ்வொன்றையும் ஆங்கிலத்திற் பெயர்த்தும் எழுதினார். பழமொழியைப் பெயர்த்தல் விவிலியத்தைப் பெயர்த்தலினும் எளிதென்று எண்ணற்க. நான்கைந்து சொற்களில், மாமியும் மருமகளும், ஆண்டியும் அரசனும், நாயும் நரியும் வந்து பேசிவிட்டுப் போகும் இடம் அது. எதுகையும் மோனையும் அதற்கு உயிர். வேற்றுமொழியிற் பொருள் மட்டுமே செல்லும். ஓசை இங்கேயே நின்றுவிடும். பெர்சிவலின் ஆங்கிலம் சிற்சில இடங்களிற் பழமொழியின் குறிப்புப் பொருளைத் தவறவிட்டிருத்தல் உண்மையே. ஆயினும் அவர் எழுதி வைத்திராவிடின் அவற்றுட் பல இன்று நமக்குக் கிடைத்திரா. கிணறும் ஏற்றமும், செக்கும் உலக்கையும் வழக்கொழியுந்தோறும் அவற்றைச் சுட்டும் பழமொழிகளும் மக்கள் நாவினின்று மறைகின்றனவன்றோ? பின்வந்த இலாசரஸ் 1894ஆம் ஆண்டிலும், யென்சன் 1897ஆம் ஆண்டிலும் வெளியிட்ட தொகுப்புக்களுக்கு முன்னோடியாய் நின்றது இந்நூலே.

பெர்சிவலின் மகளை மணந்தவர் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூல் அறிஞர். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் சென்னையை அடுத்த பல்லாவரத்திற் செம்மண் பரப்பிற் கிடந்த ஒரு கல்லை அவர் கண்டெடுத்தார். அது இயற்கையாய் உடைந்த கல்லன்று, மிகப் பழங்காலத்து மாந்தர் செதுக்கிய கருவி என்று அவர் தெளிந்தார். இந்திய நாட்டின் தொல்பழங்கால ஆராய்ச்சி அக்கல்லினின்றே தொடங்கிற்று. மாமனார் மக்கள் வாய்ச்சொற்களைப் பொறுக்கினார்; மருகர் மண்ணிற் கிடந்த கற்களைப் பொறுக்கினார். இருவரும் எடுத்தவை பிறர் காலில் மிதித்துச் சென்ற பொருள்களே. பூட் பின்னாளில் ஏற்காட்டில் வீடு அமைத்து வாழ்ந்தார். அவர் நாற்பதாண்டு தேடிச் சேர்த்த தொல்பொருள்கள் 1904ஆம் ஆண்டிற் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1912ஆம் ஆண்டில் அவர் காலமானபின் ஏற்காட்டுத் தேவாலயத்தில் அவர்க்கு நினைவுச் சின்னம் வைக்கப்பெற்றது.

பெர்சிவலும் தம் முதுமையில் இம்மலைமேல் வந்து தங்கினார். அவர் ஐம்பதாண்டுகளுக்கு மேல் கீழ்த்திசை நாடுகளிலேயே கழித்துவிட்டவர். பிறந்த நாட்டுக்குத் திரும்பிச் செல்லாமல், தமிழ் வழங்கும் நிலத்திலேயே இருந்துவிட்டார். அவருடன் பணிபுரிந்து பின் எதிர்நின்ற நாவலர் 1879ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்திற் காலமாகிவிட்டார். ஆசிரியர் மூன்றாண்டு பின்னர், எண்பதை நெருங்கிய அகவையில், 1882ஆம் ஆண்டில் ஏற்காட்டிற் காலமானார்.

அவர் சென்னைக்கு வரவழைத்த இளைஞர் அப்பொழுது ஐம்பது அகவையினராய் இருந்தார். இளமையிற் கிறித்தவரிடையே வளர்ந்த தாமோதரம் பிள்ளை, சைவத்தைத் தழுவிவிட்டார். அரசாங்கக் கணக்குத் துறையிற் பணிசெய்துகொண்டே செல்லரித்த ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்து வந்தார். பெர்சிவல் மறைவதற்கு முந்தைய ஆண்டில் வீரசோழியத்தை வெளியிட்டிருந்தார். 1885ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடும், 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையையும் அச்சேற்றினார். பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாயும் விளங்கினார். தேர்வு நடத்துவதையே தொழிலாகக் கொண்டு தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகமோ, 1913ஆம் ஆண்டில் தமிழ்ப் பேரகராதிப் பணியை மேற்கொண்டது. அதற்கு முதலிற் பதிப்பாசிரியராய் அமர்ந்த சாண்ட்லர் என்பவரும் பாதிரியாரே. வையாபுரிப் பிள்ளையின் காலத்தில், 1936ஆம் ஆண்டில், ஆறு தொகுதிகளாக அது நிறைவெய்திற்று. பெர்சிவலின் பழமொழித் தொகுப்பும் நூறாண்டு கடந்தபின் மறுபதிப்புப் பெற்றது.